பதினோரு தடவை போலி

ஏங்க, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா நான் உக்காந்துக்குவேன். ஆத்தூர் வரைக்கும்தான். ஆங்... ரொம்ப நன்றிங்க. பஸ்ல நின்னுக்கிட்டே வர்றதுக்கு இன்னைக்கு எனக்குத் தெம்பு இல்லை. காலுக்கு ஒண்ணுமில்லைங்க, மனசுக்குத்தான்.

ஒரு புள்ளையைப் பார்த்துட்டு வர்றேன். பேரு கோகிலவாணி. இருபத்திரண்டு வயசு. பேரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்குது. அவ என்ன செஞ்சா தெரியுங்களா? ஒரு பட்டனை அமுக்கினா. பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, ரெண்டே பட்டன். அவ பச்சையை அமுக்கினா. அவ்வளவுதான். அதுக்கு இன்னைக்கு டாக்டருங்க எல்லாம் தேடிப் பிடிச்சுப் பேசறாங்க. ஊசி போடற டாக்டர் இல்லைங்க. நட்சத்திரம் படிச்ச டாக்டர்.

நான் யாருன்னு சொல்லலை பாருங்க. இந்திராணி. ஆத்தூர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல இருக்கேன். பாட்டு ஏத்தித் தர்ற சென்டர் இல்லை. படத்தைப் பார்த்து இது இன்னதுன்னு போடற வேலை. தக்காளிப் படம் வரும், பழமா காயான்னு போடணும். ரோட்டுப் படம் வரும், எது லாரி எது மாடுன்னு கட்டம் கட்டணும். ஆயிரம் தடவை நாங்க போட்டுக் காட்டினா அப்புறம் மெஷின் தானாப் போட்டுக்கும். மெஷினுக்குப் பாடம் எடுக்கறதுன்னு வெச்சுக்கங்களேன்.

நான் அங்க க்வாலிட்டி. இருபத்தாறு புள்ளைங்க போடறதை நான் பார்த்துத் திருத்துவேன். நான் திருத்தினா அதுக்கு மேல பேச்சு கிடையாது. முன்னாடி பதினாலு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவங்க நான். தனியார் ஸ்கூல்தான். திருத்தறது எனக்குக் கை வந்தது. அந்த ஸ்கூலை விட்டு ஏன் வந்தேன்னா, அது வேற கதை. ஒரு புள்ளை கணக்கை வேற வழியில போட்டிருந்துச்சு. விடை சரிதான். வழி நான் சொன்ன வழி இல்லை. தப்புன்னு போட்டேன். அவங்கப்பா வந்து ஆபீஸ் ரூம்ல ஒரே சத்தம். ஹெட்மாஸ்டர் என் பக்கம் நிக்கலை. சரி போங்கடான்னு வந்துட்டேன். அதை விடுங்க.

போன வருஷம் ஆடியில வானத்து வேலை வந்துச்சுங்க. எங்கயோ மலைமேல ஒரு தொலைநோக்கி இருக்குது. தினமும் வானம் பூராவையும் போட்டோ எடுக்குது. பழைய போட்டோவையும் புது போட்டோவையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுக் கழிப்பாங்க. ரெண்டுலயும் இருக்கறது போயிரும். நேத்து இல்லாம இன்னைக்கு வந்தது மட்டும் ஒரு புள்ளியா மிஞ்சும். அது ஏதாச்சும் நட்சத்திரம் வெடிச்சதா இருக்கலாம். ஆனா நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சும்மாங்க. சாட்டிலைட் போன கோடு, கேமராவுல செத்துப்போன புள்ளி, ரெண்டு படமும் சரியா ஒக்காராம விழற நிழல். லட்சக்கணக்குல வரும். மனுஷன் பார்த்து மாளுமா? அதனால மெஷின் பார்க்கும். அதுக்குத் தெளிவாத் தெரிஞ்சதை அதே முடிவு பண்ணிக்கும். சந்தேகமானதை எங்களுக்கு அனுப்பும்.

வானத்தைப் பங்கு போட்டு ஆளுக்கு ஒரு பக்கம்னு கொடுத்திருந்தோம். எங்க திரையில மூணு கட்டம் வரும். பழசு, புதுசு, கழிச்சது. பார்க்கணும், பச்சை அமுக்கினா நிஜம், சிவப்பு அமுக்கினா போலி. நாங்க நிஜம்னு அனுப்பினா, அன்னைக்கே பெரிய பெரிய தொலைநோக்கி எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்குமாம். போலின்னா அதோட குப்பை. அந்தக் குப்பையையும் வெச்சு மெஷின் கத்துக்கும், இந்த மாதிரி வந்தா தள்ளிடணும்னு. வானத்து வேலைன்னதும் எல்லாரும் ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கோம்னு நினைக்கறாங்க. நாங்க பட்டப்பகல்ல, ஒம்பதரை மணிக்கு, ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டிக்கிட்டு உக்காருவோம்.

பெங்களூர்ல இருந்து ஒரு குறிப்பு வந்துச்சு. இதை இப்படிப் பாருங்க, அதை அப்படிப் பாருங்கன்னு எட்டுப் பக்கம், இங்கிலீஷ்ல. அத்தனையும் இழுவை. "பெரும்பாலும்", "சில சமயம்", "சந்தேகம் இருந்தால்". புள்ளைங்க குழம்பிரும்ங்க. ராத்திரி வீட்ல உக்காந்து நானே தமிழ்ல ஒரு பக்கமா எழுதினேன், நறுக்குன்னு. கோடா இருந்தா போலி. ஒத்தைப் புள்ளி கூர்மையா இருந்தா போலி. புகை மாதிரி ஒரு திட்டு இருக்கும் பாருங்க, அதுக்கு கேலக்சின்னு பேரு, கோடிக்கணக்கான நட்சத்திரம் கூடி இருக்கற இடமாம், அதோட நட்ட நடுவுல புள்ளி வந்தா போலி. அவங்க "பெரும்பாலும் போலி"ன்னு எழுதியிருந்தாங்க. நான் "போலி"ன்னு எழுதினேன். லேமினேஷன் போட்டு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன். எங்க மேனேஜர் ஜெகதீஸ்வரன் சாரே பார்த்துட்டு, "பாடப்புத்தகம் மாதிரி இருக்குங்க மேடம்"னார்.

அந்தப் புள்ளை கோகிலவாணிக்கு சென்டர்ல நம்பர் முப்பத்தொண்ணு, நின்னு போன புள்ளைங்களையும் சேர்த்து வரிசையாப் போட்டது. தம்மம்பட்டிக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்துல வீடு. வாய் திறந்து பேசாது. சாப்பாட்டு நேரத்துலகூட ஒண்டியா உக்காந்திருக்கும். எனக்கு அப்பவே பிடிக்கலை. பேசாத புள்ளைங்களை நம்ப முடியாதுங்க. உள்ளுக்குள்ள நம்மளைத் திருத்திக்கிட்டே இருக்கும்.

ஒரு நாள் ஒரு படம். திட்டுக்கு நட்ட நடுவுல புள்ளி. வேற எந்தப் புள்ளையா இருந்தாலும் சிவப்பு போட்டிருக்கும், இவ பச்சை போட்டிருக்கா. நான் சிவப்பா மாத்தினேன். கூப்பிட்டுச் சொன்னேன், நல்ல விதமாத்தான் சொன்னேன். "பாப்பா, அட்டையைப் பார்த்தியா? மூணாவது வரி?"

"பார்த்தேன் மேடம்."

"அப்புறம்?"

"இது நிழல் மாதிரி இல்லைங்க மேடம். நிழல்னா ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளையா இருக்குது. இது வெள்ளை மட்டும்தான் இருக்குது."

எனக்கே பாடம் எடுக்குதுங்க! போய் உக்காருன்னு அனுப்பினேன்.

நாலு நாள் கழிச்சு மறுபடி பச்சை. மறுபடி மாத்தினேன். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. இந்தத் தடவை அவளே எந்திரிச்சு வந்துட்டா.

"மேடம், இது அதே இடம். பக்கத்துல மூணு நட்சத்திரம் அடுப்புக்கல்லு மாதிரி இருக்குது பாருங்க, அன்னைக்கும் இருந்துச்சு. அன்னைக்குப் புள்ளி மங்கலா இருந்துச்சு. இன்னைக்கு நல்லாப் பெருசாயிருச்சு."

நான் சொன்னேன், "உனக்கு வேலை ஒரு படத்தைப் பார்க்கறது. ஞாபகம் வெச்சுக்கச் சொல்லி யாரும் கேக்கலை."

சரிதானேங்க? ஒவ்வொருத்தியும் நேத்துப் பார்த்ததை ஞாபகம் வெச்சுக்கிட்டு உக்காந்தா வேலை ஓடுமா?

அப்புறமும் அவ விடலை. பச்சை. நான் சிவப்பு. பச்சை. சிவப்பு. கமெண்ட் எழுதற கட்டத்துல வேற, "அதே இடம், ஆறாவது முறை"ன்னு எழுதி வெக்கறா. அதை நான் அழிச்சேன். அந்தக் கட்டம் கம்ப்யூட்டர் தொங்கினா எழுதறதுக்கு, கட்டுரை எழுதறதுக்கு இல்லை.

நான் ஒருத்தியா முடிவு பண்ணினேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. அதனால ஒரு நாள் அவ படத்தைச் சுவத்துல பெருசாப் போட்டேன். எல்லாரையும் நிக்க வெச்சேன். அட்டையைக் கையில பிடிச்சுக்கச் சொன்னேன். "மூணாவது வரியைச் சத்தமாப் படிங்க." படிச்சாங்க. "இப்ப சொல்லுங்க, இது என்ன?" இருபத்தஞ்சு புள்ளைங்களும் "போலி"ன்னாங்க, ஒரே குரல்ல. "முப்பத்தொண்ணு, நீ என்ன சொல்றே?"

அழுவான்னு நினைச்சேன். கண்ணு கலங்குச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா சுவத்துல இருந்த படத்தையே பார்த்துக்கிட்டு, "நிஜம் மேடம்"னா.

யாரோ ஒருத்தி சிரிச்சா. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலைங்க. அதை மட்டும் நீங்க நம்பணும். நான் சிரிக்கச் சொல்லவும் இல்லை.

எங்க சென்டர்ல ஒரு விதி. நூத்துக்குத் தொண்ணூறு சரியா இருக்கணும். மூணு வாரம் தொடர்ந்து அதுக்குக் கீழ போனா அனுப்பிருவோம். நான் மாத்தறது ஒவ்வொண்ணும் அவ கணக்குல தப்பா ஏறுது. அதுவும் போக, இவ நடுப்புள்ளி எதைப் பார்த்தாலும் யோசிக்க ஆரம்பிச்சுட்டா, வேகம் குறைஞ்சு, போடற படம் கம்மியானதுல தப்போட பங்கு இன்னும் ஏறிப் போச்சு. மூணாவது வாரம் எண்பத்தெட்டு. நான் என்ன பண்ண முடியும்? கம்ப்யூட்டர் சொல்லுது எண்பத்தெட்டுன்னு. கூப்பிட்டுச் சொல்லிட்டேன், நாளையில இருந்து வர வேண்டாம்னு. பையை எடுத்துக்கிட்டா. வாசல்ல நின்னு என்ன கேட்டா தெரியுங்களா? "மேடம், அந்த இடம் மறுபடி வந்தா நீங்களாச்சும் பாருங்க மேடம்."

திமிர்தானே இது? வேலை போகுதேன்னு ஒரு வார்த்தை கெஞ்சலை. அந்தப் புள்ளியைப் பத்திப் பேசறா.

வந்துச்சுங்க, அப்புறமும் ரெண்டு தடவை. வேற புள்ளைங்க சிவப்பு போட்டாங்க. நான் திருத்த வேண்டியிருக்கலை. அப்புறம் வர்றதே நின்னு போச்சு. இப்பத்தான் தெரியுது, மெஷின் அதுக்குள்ள எங்கிட்ட நல்லாக் கத்துக்கிச்சாம். நடுப்புள்ளின்னாலே அதே தூக்கிப் போட ஆரம்பிச்சிருச்சாம். எங்களைக் கேக்கறதுகூட இல்லை.

தை மாசம் பெங்களூர்ல இருந்து வீடியோல பேசணும்னு சொன்னாங்க. யார்கிட்ட? க்வாலிட்டி யாரோ அவங்ககிட்ட. நான் என்ன நினைப்பேன் சொல்லுங்க? ஆறு மாசம், நாப்பதாயிரம் படம், ஒரு நாள் லீவு போடலை. பாராட்டத்தான்னு நினைச்சேன். அரக்குப் பட்டு கட்டிக்கிட்டுப் போனேன். ஜெகதீஸ்வரன் சார் பூங்கொத்தே வாங்கி மேசையில வெச்சிருந்தாரு, படத்துல நல்லா இருக்கும்னு.

அந்தப் பக்கம் ஒரு அம்மா. டாக்டர் சங்கரவடிவு. திருநெல்வேலிப் பேச்சு. என்னைவிட சின்னவங்க. மரியாதையாத்தான் ஆரம்பிச்சாங்க.

"இந்திராணி மேடம், முப்பத்தொண்ணாம் நம்பர் யாரு? அவங்ககிட்ட பேசணுமே."

"அவங்க இப்ப இல்லைங்க. என்ன விஷயமா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லலாம்."

"ஒரே இடத்துல அவங்க பதினோரு தடவை நிஜம்னு போட்டிருக்காங்க. பதினொண்ணும் போலின்னு மாத்தியிருக்கு. யாரு மாத்துனது?"

பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லைங்க. "நான்தான்"னேன்.

அந்த அம்மா என்னவோ குறிச்சுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க. பழைய படங்களை எல்லாம் வேற வேலைக்காக மறுபடி பார்த்தப்ப கண்ணுல பட்டுச்சாம். அந்தத் திட்டுக்கு நடுவுல ஒரு கருந்துளை இருக்குதாம். ஒரு நட்சத்திரம் அதுக்கு ரொம்பக் கிட்டப் போயிருச்சாம். அது இழுத்த இழுப்புல நட்சத்திரம் நார் நாராக் கிழிஞ்சு போச்சாம். அந்த வெளிச்சம்தான் அது. ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் மங்கிரும். ஏறும்போதே தெரிஞ்சிருந்தா உலகத்துல இருக்கற தொலைநோக்கி எல்லாம் திருப்பியிருப்பாங்களாம். இத்தனை ஆரம்பத்துலயே ஒண்ணு மாட்டறது ரொம்ப அபூர்வமாம். "எங்க பசங்க இதுக்காகத்தான் அஞ்சு வருஷமா உக்காந்திருந்தாங்க"ன்னாங்க. இப்பப் போய்ப் பார்த்தா ஒண்ணும் இல்லை. அணைஞ்சு போச்சு.

அதுக்கு நான் என்ன பண்ணட்டும்ங்க? நட்சத்திரத்தை நானா கிழிச்சேன்?

என் அட்டையை அனுப்பச் சொன்னாங்க. ஜெகதீஸ்வரன் சார் அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பினாரு. பாடப்புத்தகம் மாதிரி இருக்குன்னாரே, அதே ஆள். அந்த அம்மா படிச்சாங்க. "பெரும்பாலும்னு ஒரு வார்த்தை இருந்துச்சே மேடம். அது எங்க?"

"புள்ளைங்க குழம்பும்னு எடுத்துட்டேங்க."

"அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மேடம் உங்ககிட்ட மனுஷங்களைக் கேட்டோம்"னு சொன்னாங்க.

எனக்குப் புரியலை. இப்பவும் புரியலை. பெரும்பாலும்னா என்னங்க அர்த்தம்? அதை வெச்சு எப்படித் திருத்தறது?

அதோட விட்டாங்களான்னா, இல்லை. ஒரு மாசம் கழிச்சு மெயில் வருது, சென்டருக்கே, எல்லாரும் படிக்கற மாதிரி. க்வாலிட்டி ஒண்ணு, அதாவது நான், கை வெச்சதை எல்லாம் எடுத்துட்டு, புள்ளைங்க முதல்ல என்ன போட்டாங்களோ அதை மட்டும் வெச்சு மெஷினுக்கு மறுபடி கத்துக் கொடுத்தாங்களாம். முன்னைவிட நல்லா வேலை செய்யுதாம். நல்லான்னா எவ்வளவுன்னு ஒரு படம் வரைஞ்சு வேற அனுப்பியிருந்தாங்க. நான் இருக்கற கோடு கீழ, நான் இல்லாத கோடு மேல.

ஒரு மனுஷியைப் பத்தி இப்படி எழுதலாமாங்க? கோடு போட்டு?

அதே மெயில்ல, முப்பத்தொண்ணாம் நம்பர் ஏன் வேலையில இல்லைன்னு எழுத்துமூலமா விளக்கம் வேணும்னு கேட்டிருந்தாங்க. அவங்களையே சந்தேகமான படங்களைப் பார்க்கப் பெங்களூர்ல வெச்சுக்க விரும்பறாங்களாம். ஜெகதீஸ்வரன் சார் என்னைக் கூப்பிட்டாரு. கதவைச் சாத்திக்கிட்டாரு. "மேடம், அந்தப் பொண்ணு தானா விலகினதா ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. இல்லைன்னா இந்தக் காண்ட்ராக்ட் போயிரும். போனா யாரு பொறுப்புன்னு நான் சொல்ல வேண்டியதில்லை"ன்னாரு. பொறுப்புன்னதும் எல்லாருக்கும் நான் ஞாபகம் வந்துர்றேன் பாருங்க.

லெட்டரை நானே எழுதினேன். நாலே வரி. "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகினேன். என்னை யாரும் நீக்கவில்லை. என் பணிக்காலத்தில் க்வாலிட்டி மேடம் என்னிடம் அன்புடன் நடந்துகொண்டார்." இப்படி. அன்புடன்னு போட்டது ஜெகதீஸ்வரன் சார் சொல்லி.

காலையில கிளம்பிப் போனேன். வீட்ல அவங்கம்மா இருந்துச்சு, "சேகோ மில்லுக்குப் போயிருக்குதுங்க"ன்னுச்சு. அங்கயும் போனேன். களத்துல ஜவ்வரிசி காயப்போட்டிருக்குது, கண்ணு கூசுது. இருபது பொம்பளைங்களுக்கு நடுவுல இவ, தலையில துண்டு கட்டிக்கிட்டு, காலால கிளறிக்கிட்டு இருக்கா. அங்கயும் வெள்ளைப் புள்ளியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கா! என்னைப் பார்த்ததும் நின்னா. "வாங்க மேடம்"னா. நிழலுக்குக் கூட்டிட்டுப் போனா. சொம்புல தண்ணி கொண்டுவந்து கொடுத்தா.

நான் பக்குவமாத்தான் பேசினேன். "பாப்பா, உனக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கித் தரலாம்னு வந்தேன். வேற எங்கயாச்சும் வேலைக்குப் போகணும்னா உதவும். அதுக்கு இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்து வேணும்."

எல்லாத்தையும் கேட்டா. அரை மணி நேரம் பேசியிருப்பேன். சென்டர்ல எல்லாரும் உன்னைக் கேக்கறாங்கன்னேன். நீ போனதுல இருந்து எனக்கும் மனசு சரியில்லைன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா. மாவு ஒட்டின கையைப் பாவாடையில துடைச்சுட்டு லெட்டரை வாங்கினா. ரெண்டு தடவை படிச்சா. பேனா கேட்டா. கொடுத்தேன். முட்டி மேல வெச்சு எழுதினா. நான் வேற பக்கம் பார்த்தேங்க, அவசரப்படுத்தற மாதிரி இருக்கக்கூடாதுன்னு.

திருப்பிக் கொடுக்கறப்பச் சொல்றா, "சங்கரவடிவு அம்மா முந்தாநாள் போன்ல பேசினாங்க மேடம். எல்லாம் சொன்னாங்க. திங்கக்கிழமை பெங்களூர் போறேன்."

பார்த்தீங்களா! எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் என்னைப் பேச விட்டிருக்கா! எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் இருந்தா அப்படி உக்காந்திருப்பா? நான் எந்திரிச்சுட்டேன். "உனக்கு நல்லது நினைச்சு வந்தேன் பாரு"ன்னேன்.

"அந்த இடம் மறுபடி வந்துச்சான்னு அவங்ககிட்டக் கேட்டேன் மேடம். அணைஞ்சிருச்சுன்னாங்க"ன்னா. அப்பத்தான் அழுதா. தேம்பித் தேம்பி. சுவத்துல படம் போட்டு எல்லாரும் சிரிச்சப்ப அழாதவ, வேலை போனப்ப அழாதவ, அந்தக் களத்துல நின்னு அந்தப் புள்ளிக்காக அழறா. மத்த பொம்பளைங்க எல்லாம் என்னைப் பார்க்கறாங்க, நான்தான் அடிச்சுட்டேன்ங்கற மாதிரி. ஒருத்தி கேக்கவே கேக்கறா, "யாருங்க நீங்க, எதுக்கு அந்தப் புள்ளையை வந்து அழ வெக்கறீங்க?"ன்னு.

பஸ் ஸ்டாப்புக்கு வந்துதான் லெட்டரைப் பிரிச்சுப் பார்த்தேன். இந்தாங்க, நீங்களே பாருங்க. கையெழுத்து போட்டிருக்காளா? போட்டிருக்கா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வரி சேர்த்திருக்கா பாருங்க, பொடிப்பொடியா. "இந்தக் கடிதத்தை எழுதியவர் இந்திராணி மேடம். என்னை வேலையை விட்டு அனுப்பியவரும் அவரே." எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா. என் வரிக்கும் அவ கையெழுத்துக்கும் நடுவுல, சரியா அந்த இடத்துல சொருகியிருக்கா. கையெழுத்துக்குக் கீழ எழுதித் தொலைச்சிருந்தா கிழிச்சுட்டுக் கொடுத்துருவேன். வெள்ளை மை தடவினா வெளிச்சத்துல காட்டும்போது தெரிஞ்சுருமோ? நீங்க கொஞ்சம் இப்படி ஜன்னல் பக்கமாத் தூக்கிப் பிடிங்களேன், பார்க்கலாம்.

என்னங்க? ஏன் எந்திரிக்கறீங்க? ஆத்தூருக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குதே.

அங்க போய் எதுக்குங்க உக்கார்றீங்க, அந்தப் பக்கம் வெயில் அடிக்குமே...